தகாஸ்தேயில் பிறந்த பிள்ளை

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நாளை, ஆகஸ்ட் 27, புனித மோனிக்கம்மாள் திருநாள். மறுநாள் அவர் மகன் புனித அகுஸ்தினாரின் திருநாள். தாயையும் பிள்ளையையும் திருச்சபை பிரிக்காமல் வைத்திருக்கிறது.

வீட்டில் மாட்டியிருக்கும் அகுஸ்தினார் படம் உங்களுக்குத் தெரியும். பார்த்தால் ஐரோப்பாவில் பிறந்தவர் என்றே தோன்றும். அந்தப் படங்களை வரைந்தவர்கள் பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஐரோப்பிய ஓவியர்கள். அகுஸ்தினாரோ ஆப்பிரிக்க மண்ணின் பிள்ளை.

அவர் பிறந்தது 354 நவம்பர் 13. ஊர் தகாஸ்தே. இன்று அதற்கு சூக் அஹ்ராஸ் என்று பெயர். அல்ஜீரியாவில், துனிசிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடலோர ஊர் இல்லை. சின்னக் கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்தே கடல் எப்படியிருக்கும் என்று சிறுவயதில் கற்பனை செய்துகொண்டதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதுகிறார்.

அப்பா பத்ரீசியு, நகர மன்ற உறுப்பினர். பதவி இருந்ததே தவிரக் கையில் காசு இல்லை. மகனை வட ஆப்பிரிக்காவின் பெரிய நகரமான கார்த்தேஜுக்கு மேல்படிப்புக்கு அனுப்பப் பணம் சேரும்வரை, பதினாறு வயதில் பையன் ஓராண்டு வீட்டிலேயே இருந்தான். மோனிக்கா என்ற பெயரோ, அந்த மண்ணின் பூர்வகுடிகளான பெர்பர் மக்களுடைய பெயர் என்பது அறிஞர்கள் பலர் கருத்து.

சரி, அகுஸ்தினார் தன்னை யாரென்று நினைத்தார்? அதே ஆப்பிரிக்காவின் மதௌரா ஊரைச் சேர்ந்த மாக்சிமு என்ற இலத்தீன் ஆசிரியர், அந்நாட்டு மறைசாட்சிகளின் பியூனிக் மொழிப் (கார்த்தேஜ் மக்களின் பழைய மொழி) பெயர்களைக் கேலி செய்து அவருக்குக் கடிதம் எழுதினார். நம்பாமோ என்பது அதில் ஒரு பெயர். அகுஸ்தினார் விடவில்லை. ஆப்பிரிக்கர்களுக்கு எழுதும் ஆப்பிரிக்கர் நீர், நாம் இருவரும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறோம், இந்தப் பெயர்களையா பழிக்கிறீர் என்று கேட்டார். நம்பாமோ என்றால் நல்ல காலை உடையவர், அவர் வந்தால் நல்லது நடக்கும் என்று பொருளும் சொன்னார். கால் ராசி என்று நாம் சொல்கிறோமே, அதேதான்! இதைப் படித்த அன்று அவர் எனக்கு ரொம்ப நெருங்கிவிட்டார்.

இத்தாலிக்குப் போனபோது அவருடைய இலத்தீன் உச்சரிப்பில் குறை கண்டார்கள். முதுமையிலும், இத்தாலியில் எக்லானும் என்ற ஊரின் ஆயர் யூலியான் அவரைப் 'பியூனிக்காரன்' என்று இளக்காரமாக எழுதினார். குலப்பெருமையில் இந்தப் பியூனிக்காரனை அவமதிக்காதே என்று, அதே பெயரைத் தாங்கிக்கொண்டே பதில் சொன்னார் அகுஸ்தினார்.

மோனிக்கம்மாள் ஊரில் கணவர் பக்கத்தில் தனக்கும் கல்லறை ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் 387-இல், மகனோடு ஆப்பிரிக்கா திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த ரோமின் துறைமுகமான ஓஸ்தியாவில் காய்ச்சலில் விழுந்தார். அந்நிய மண்ணில் சாகக் கூடாதே என்று இன்னொரு மகன் நவீஜியு கலங்கினார். அம்மா அவரைக் கண்ணாலேயே அதட்டிவிட்டு, "இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள். ஆண்டவரின் பீடத்தருகே என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும்" என்றார்.

அம்மாவை அங்கேயே அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு அகுஸ்தினார் கடல் கடந்து ஆப்பிரிக்கா திரும்பினார். கார்த்தேஜில் இறங்கி, அப்பா விட்டுச்சென்ற தகாஸ்தே வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்.