சுற்றுலா போகாத பிள்ளையின் சுற்றுலாக் கட்டுரை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். இடைநிலை வகுப்புகளில் ஆங்கிலத்தில் எழுதக் கற்பிப்பது பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு இது மனத்துக்கு நெருக்கமான விடயம்.

நீங்கள் எந்தப் பாடசாலையில் படித்திருந்தாலும், 'நான் சென்ற சுற்றுலா' என்ற கட்டுரையை ஒருமுறையாவது ஆங்கிலத்தில் எழுதியிருப்பீர்கள். அதிகாலையில் பேருந்து புறப்படும். கண்டியில் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் பார்ப்போம். மரநிழலில் சோற்றுப் பொதியை அவிழ்ப்போம். இறுதியில் 'டயர்ட் பட் ஹாப்பி' என்று, களைப்போடும் மகிழ்ச்சியோடும் வீடு திரும்புவோம். வகுப்பிலுள்ள அத்தனை பேரும் ஒரே சுற்றுலாவுக்குப் போய் ஒரே களைப்போடு திரும்புவார்கள். யாழ் குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டியே அறியாத பிள்ளையும் பேராதனைப் பூங்காவின் ஓர்க்கிட் மலர்களை வருணிக்கும். அது மனனம் செய்த கட்டுரை. அதில் பிழைகள் குறைவு. ஆகவே புள்ளி கிடைக்கும். பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் எதற்குப் புள்ளி கொடுத்தோமோ அதையே அவர்கள் எழுதினார்கள்.

கற்பனையாக எழுதுவதென்றால் பலர் கதையும் கவிதையும் என்று நினைக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. தான் கண்டதைத் தன் வசனத்தில் சொல்லப் பிள்ளை துணிந்தாலே போதும். மற்றவை பின்னால் வரும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் தரத்தில் ஒரு நாள், இன்று காலை பாடசாலைக்கு வரும் வழியில் கண்டதை ஐந்து வசனங்களில் எழுதச் சொன்னேன். 'அழகான' என்ற சொல்லுக்குத் தடை விதித்தேன். தீவுப் பகுதியிலிருந்து, கடலை ஊடறுத்துச் செல்லும் பண்ணைத் தாம்போதி வழியாகப் பேருந்தில் வரும் ஒரு மாணவி, அதுவரை கொப்பியில் பார்த்தெழுதியதைத் தவிர வேறெதுவும் எழுதாதவள், 'மேன் ஸ்டாண்ட் சீ' என்று ஒரே வரியை எழுதிக்கொண்டு வந்து நின்றாள். மூன்றே சொற்கள், இலக்கணப்படி பார்த்தால் மூன்று இடத்தில் சிவப்பு மை வேண்டும். நான் பேனாவை எடுக்கவில்லை, "அவர் கையில் என்ன வைத்திருந்தார்?" என்று கேட்டேன். வீச்சுவலை என்றாள். தண்ணீர் எதுவரை? முழங்கால்வரை. இடுப்பில்? பறி கட்டியிருந்தார். "மீன் பட்டதா?" என்று கேட்டபோது அவள் சற்று யோசித்து, "தெரியாது சேர், பஸ் போய்விட்டது" என்றாள்.

அந்தப் பதிலைக் கவனியுங்கள். பேருந்து ஓடிக்கொண்டிருந்தது, அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார், முடிவு தெரியவில்லை. இதை எழுதுவதற்கு இறந்தகாலத் தொடர்வினை அவளுக்குக் கட்டாயம் தேவைப்பட்டது. 'வாஸ் ஸ்டாண்டிங்' என்ற வடிவத்தை முந்திய தவணையில் கரும்பலகையில் எழுதி விளக்கியபோது தலையாட்டிவிட்டு மறந்தவள், அன்று தானாகவே கேட்டு எழுதிக்கொண்டாள். இலக்கணம் வேண்டாமென்று நான் சொல்வதாகச் சில ஆசிரிய நண்பர்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல, சொல்வதற்கு ஏதேனும் இருக்கும் பிள்ளைக்கே இலக்கணம் பயன்படுகிறது என்பதே என் கருத்து.

நாற்பது நிமிடப் பாடவேளையில், நிறைந்த வகுப்பில், ஒவ்வொருவரிடமும் இப்படிக் கேள்வி கேட்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. அந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். இருவர் கொப்பியை மாற்றிக்கொண்டு, ஒருவர் எழுதியதில் மற்றவர் இரண்டு கேள்விகளை ஓரத்தில் எழுதட்டும். தமிழில் எழுதினாலும் பாதகமில்லை. எழுதியவர் அவற்றுக்கு விடை சேர்த்து இரண்டாம் முறை எழுதட்டும். திருத்தும்போது ஆசிரியர் ஒருமுறைக்கு ஒருவகைப் பிழையை மட்டும் பார்க்கட்டும்: இந்த வாரம் காலம், அடுத்த வாரம் ஒருமை பன்மை. கொப்பி முழுவதும் சிவந்துபோனால், அடுத்த முறை பிள்ளை மிகக் குறைவாகவே எழுதும். குறைவாக எழுதினால் குறைவாகவே பிழைவிடலாமல்லவா?

எழுத்துக்கு வாசகரும் வேண்டும். இந்த யாழ்ப்பாண மண்ணில் 1841 இல் தொடங்கிய உதயதாரகை பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. யாரோ வாசிக்கப்போகிறார்கள் என்று அறிந்தே அதில் எழுதினார்கள். நம் பிள்ளையின் ஆங்கிலத்துக்கோ ஆசிரியரும் பரீட்சகருமே வாசகர்கள். தவணைக்கு ஒரு கையெழுத்துச் சஞ்சிகை, அதுவும் முடியாவிட்டால் வகுப்புச் சுவரில் நான்கு தாள்கள்; இதற்குச் செலவு பெரிதாக இல்லை.

பரீட்சையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன்; நேரம் இடம் தரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சாதாரண தர ஆங்கில வினாத்தாளின் இறுதியில் ஏறத்தாழ 200 சொற்களில் எழுதும் வினாவில், தொடங்கிய கதையை நிறைவு செய்யுமாறும் கேட்பதுண்டு. அந்தத் தொடக்கத்துக்கு எந்த மனனக் கட்டுரையும் பொருந்தாது.

பெற்றோருக்கென வைத்திருந்தவற்றிலும் ஒன்றுக்கே நேரமுண்டு. கொப்பியைப் புரட்டும்போது, புள்ளியைப் பார்க்குமுன் எழுதியதை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.