குப்பைக் கம்பெனி கொடுக்கும் பூங்கா யார் காசில்?

எல்லோருக்கும் வணக்கம். குப்பை மேலாண்மை நிறுவனங்கள் ஊர் மக்களுக்கும் இயற்கைக்கும் செய்யும் உதவி பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைப் பார்த்தால் பாராட்டு விழா மாதிரி இருக்கிறது. சரி, பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டிவிடுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

இதற்கு பிரிட்டனைப் பார்ப்பதுதான் வசதி, ஏனென்றால் அங்கே இந்த உதவிக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1996 அக்டோபரில் குப்பையை நிலத்தில் புதைப்பதற்கு வரி போட்டார்கள், சாதாரணக் குப்பைக்கு டன்னுக்கு 7 பவுண்டு. கூடவே இன்னொரு ஏற்பாடும் வந்தது. குப்பைக்கிடங்கு நடத்தும் நிறுவனம் சுற்றுவட்டார நலனுக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கும் நிதி கொடுக்கலாம், கொடுத்ததில் 90 சதவீதத்தை, ஓர் உச்சவரம்பு வரை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பிஃபா, வியோலியா போன்ற பெரிய நிறுவனங்களின் பெயரில் இருக்கும் நிதியங்கள் 1997 முதல் இப்படித்தான் நடக்கின்றன. பெரும்பாலும் கிடங்கிலிருந்து 10 மைலுக்குள் இருக்கும் விளையாட்டுத் திடல், சமுதாயக் கூடம், பழைய தேவாலயத்தின் ஒழுகும் கூரை, தூர்ந்துபோன ஈரநிலம் என்று பணம் போகிறது. நல்ல வேலைகள்தான், ஒரு குறையும் இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நிறுவனம் 100 பவுண்டு கொடுத்தால் அதில் 90 பவுண்டு எப்படியும் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரி. மிச்சம் 10 பவுண்டையும் வேறொருவர் ஈடுகட்டலாம் என்று விதி அனுமதிக்கிறது, அதாவது உதவி கேட்டு வரும் ஊர்ச் சங்கமே அந்தப் பத்தைக் கொடுக்க ஓர் ஆளைத் தேடிப்பிடிக்கிறது. கடைசியில் திடலின் வாசலில் யார் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும்? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்.

இதற்காக அந்த ஏற்பாடே மோசடி என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் கஜானாவுக்குப் போயிருந்தால் கிடங்குக்குப் பக்கத்தில் நாற்றத்தையும் லாரியையும் சகித்துக்கொண்டு இருக்கிறவர்களுக்கு ஒரு காசு திரும்பி வந்திருக்காது. இப்போது வருகிறது. பலகையில் "இது உங்கள் வரிப்பணம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், எனக்கு வேறு புகார் இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 7 பவுண்டாக இருந்த வரி 2025 ஏப்ரலில் 126.15 பவுண்டு ஆகிவிட்டது. குப்பை புதைப்பதைக் குறைக்கத்தான் வரி, அது குறையவும் செய்தது, குறையக் குறைய ஊருக்கு வரும் நிதியும் வற்றுகிறது. குப்பையோ முழுதாகக் காணாமல் போகவில்லை, அதில் ஒரு பங்கு எரியூட்டும் ஆலைக்குப் போகிறது. குப்பையை எரிப்பதற்கு இந்த வரி கிடையாது, ஆகவே ஆலைக்குப் பக்கத்து ஊருக்கு இந்த வழியில் நிதியும் கிடையாது. அங்கே ஏதாவது வேண்டுமென்றால் ஆலைக்கு அனுமதி கொடுக்கும்போதே பேசி வாங்கிக்கொண்டால்தான் உண்டு.

என்னைக் கேட்டால் ஒரு குப்பை நிறுவனம் ஊருக்குச் செய்யும் பெரிய உதவி, தன் சொந்த வேலையை ஒழுங்காகச் செய்வதுதான். புதைத்த குப்பைக்குள் மழைநீர் இறங்கினால் அடியில் கருப்பாக, மூக்கைத் துளைக்கும் கசிவுநீர் சேரும். அதை வெளியே எடுத்துச் சுத்திகரிக்காவிட்டால் சுற்றியிருக்கும் கிணறுகள் போச்சு. அப்புறம் வாயு. காற்றுப் படாமல் அழுகும் குப்பையிலிருந்து வருவதில் ஏறக்குறைய பாதி மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்குவது. மூடிய கிடங்கின் மேல் நடந்தால் சாதாரணப் புல்வெளி மாதிரிதான் இருக்கும், ஆனால் அங்கங்கே புல்லுக்குள்ளிருந்து இடுப்பு உயரத்துக்குக் குழாய்கள் நிற்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வால்வும் ஓர் எண்ணும் இருக்கும். உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்பி மின்சாரம் எடுக்கிற கிணறுகள் அவை. அதில் ஒரு வால்வு பழுதாகி ஒரு வாரம் யாரும் கவனிக்காமல் விட்டால், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த நாற்பது கம்ப்யூட்டரும் அந்த நாற்றத்துக்கு ஈடாகாது.

இயற்கைப் பாதுகாப்புக்கு வருவோம், இங்கேதான் மனசாரப் பாராட்ட விஷயம் இருக்கிறது. மூடிய கிடங்கு பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே இருக்கும், அதன்மேல் கட்டடம் கட்டுவது லேசில்லை. ரியல் எஸ்டேட்காரர்கள் திரும்பிப் பார்க்காத நிலம், பறவைகளுக்கு அதுவே அதிர்ஷ்டம். லண்டன் குப்பையைப் பல பத்தாண்டுகள் படகில் கொண்டுபோய்க் கொட்டிய இடம், தேம்ஸ் கரையில் எசெக்ஸ் பக்கம் இருக்கும் மக்கிங். அதன் ஒரு பகுதியை மூடி, எசெக்ஸ் வனவிலங்கு அறக்கட்டளையிடம் கொடுத்து, 2013இல் இயற்கை பற்றிய தொலைக்காட்சிப் படங்களுக்குப் பேர்போன டேவிட் அட்டன்பரோ வந்து இயற்கைப் பூங்காவாகத் திறந்துவைத்தார். நியூயார்க்கின் ஃப்ரெஷ்கில்ஸ் இன்னும் பெரிது, 2,200 ஏக்கர். 1948 முதல் 2001 வரை குப்பை கொட்டிய அந்த இடத்தின் உள்பகுதியில் முதல் துண்டு பொதுமக்களுக்குத் திறந்தது 2023இல்தான். (அது கம்பெனி வேலை இல்லை, மாநகராட்சி வேலை, அதையும் சொல்லிவிட வேண்டும்.) ஆள் நடமாட்டம் இல்லாத அந்த இடைவெளியில் வெட்டுக்கிளிக் குருவி என்று ஒரு சின்ன புல்வெளிப் பறவை அங்கே வந்து கூடு கட்டத் தொடங்கிவிட்டது.

தரையில் கூடு கட்டும் பறவை அது, அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும், மரம் வேண்டாம். நிறுவனங்களுக்கோ மரக்கன்று நட்டுப் படம் எடுத்தால்தான் திருப்தி! குப்பையை மூடிய களிமண்ணுக்கு மேல் மெல்லிசாகப் பரப்பிய மண், கோடையில் காய்ந்து வெடிக்கிறது, மழையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதில் நட்ட கன்றுகளில் எத்தனை அடுத்த வருஷம் உயிரோடு இருக்கும் என்று யாரும் போய் எண்ணுவதில்லை. பல இடங்களில் புல்லும் காட்டுப்பூக்களும் விதைத்துவிட்டு, சரியான மாதத்தில் வெட்டிவிட்டு, சும்மா இருந்தாலே போதும். சும்மா இருப்பதைப் படம் எடுத்துப் போட முடியாது, அதுதான் பிரச்சினை.

எல்லா உயிர்களும் கிடங்கு மூடினால்தான் பிழைக்கும் என்றும் இல்லை. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வெண்நாரைகள் திறந்த கிடங்குகளில் சாப்பாடு கிடைப்பதால் ஆப்பிரிக்காவுக்கு வலசை போவதையே பெருமளவு விட்டுவிட்டன. உணவுக்கழிவை அங்கே கொட்டுவதை நிறுத்தினால் அவை என்ன செய்யும் என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

மக்கள் என்று சொல்லும்போது குப்பை பொறுக்கி வாழ்கிறவர்களை விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தம் எடுத்த கம்பெனி வேலி போட்ட அன்றைக்கே அவர்கள் பிழைப்பு போய்விடும். புனேயில் ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பு இதைத் தலைகீழாக்கிக் காட்டியது, அங்கே குப்பை பொறுக்கியவர்களே உறுப்பினர்கள், அவர்களே மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை வாங்குகிறார்கள். ஊருக்கு உதவி என்று இதைவிட நேராக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு உத்தரவுப்படி, கிடங்கை மூடிய பிறகு குறைந்தது 30 ஆண்டுகள் பராமரிக்கும் செலவும் குப்பை வாங்கும் விலைக்குள்ளேயே அடங்க வேண்டும். உங்கள் ஊருக்கு ஒரு நிறுவனம் வந்தால் அந்தப் பராமரிப்புப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, கம்பெனி கைமாறினால் அது யாருக்குப் போகும் என்று எழுத்தில் கேளுங்கள். மரக்கன்று விழாவுக்குக் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள், போன கையோடு நாற்றப் புகார்ப் பதிவேட்டையும் வாங்கிப் புரட்டுங்கள். பதிவேடே இல்லை என்றால் அதையும் குறித்துக்கொண்டு வாருங்கள். இப்போது நீங்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.