ஆள் யார் என்று கண்டுபிடித்தவர் பாதிரியார்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"1854இல் லண்டன் பிராட் தெருவில் பரவிய காலராவின் மர்மத்தை அவிழ்த்ததில் பெரும்பங்கு டாக்டர் ஜான் ஸ்னோவுக்கா, பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட்டுக்கா?" இதுதான் தலைப்பு. நான் பாதிரியாருக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் டாக்டரின் வரைபடத்தைப் பற்றி அழகாகச் சொன்னார். சாவுகளை எல்லாம் படத்தில் குறித்தார், அவை ஓர் அடிபம்பைச் சுற்றியே குவிந்திருந்தன, பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார், கொள்ளைநோய் நின்றது என்றார். ஸ்னோ மேதை என்பதில் எனக்கும் சந்தேகமே இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, வழக்கு அங்கே பாதியில் நிற்கிறது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் பலி வாங்கிய தண்ணீரில் நோய் எப்படிக் கலந்தது? யாரிடமிருந்து, என்றைக்கு? இந்தக் கேள்விகளுக்கு டாக்டரிடம் பதில் இல்லை. பம்புக்கு அடியில் இருந்த கிணற்றைத் திறந்து பார்த்தார்கள். குறை எதுவும் கண்ணில் படவில்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்று சுகாதார வாரியம் பிடிவாதமாக இருந்தது. டாக்டரின் வாதத்தை அவர்கள் ஏற்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் பாதிரியார் வருகிறார். பெர்விக் தெரு புனித லூக்கா ஆலயத்தில் உதவிப் பாதிரியார், வயது 29. மருத்துவம் படித்தவரில்லை. ஆனால் அந்தத் தெருவில் எந்த மாடியில் யார் குடியிருக்கிறார்கள், யார் எப்போது கண்ணை மூடினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பலரின் படுக்கை அருகில் இருந்து ஜெபம் செய்தவர் அவர்.

முக்கியமான ஒன்று சொல்கிறேன். அவர் முதலில் ஸ்னோவை நம்பவில்லை. டாக்டர் சொல்வது தப்பு என்று காட்டத்தான் விசாரணையில் இறங்கினார். "பம்பில் நோய் கலந்திருந்தால், நாளாக நாளாகக் கழிவு கூடி, தண்ணீர் இன்னும் கொடியதாகியிருக்க வேண்டுமே? கைப்பிடி இருக்கும்போதே நோய் எப்படித் தணிந்தது?" என்பது அவர் எழுப்பிய தடை. நியாயமான கேள்வி. சொந்த எண்ணத்துக்கு எதிராகச் சாட்சி வந்தபோது அதை அவர் ஒளிக்கவில்லை. துப்பறிபவருக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்?

ஸ்னோ பெரும்பாலும் செத்தவர்களைக் கணக்கெடுத்தார். பாதிரியார் பிழைத்தவர்களையும் தேடிப் போனார். ஊரைவிட்டு ஓடியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவரால்தான் விசாரிக்க முடிந்தது. சில வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்: பம்புத் தண்ணீர் குடித்தீர்களா, குடிக்கவில்லையா? பிராட் தெருவில் குடித்த 137 பேரில் 80 பேருக்கு நோய் வந்திருந்தது. குடிக்காத 297 பேரில் 20 பேருக்குத்தான். குடிக்காதவர்களை எண்ணாமல் குடித்தவர்களின் கணக்கு எப்படி நிற்கும்? எதிரணியினர் இதை யோசிக்க வேண்டும்.

அப்புறம்தான் அந்தக் கண்டுபிடிப்பு. வேறு ஏதோ தேடி இறப்புப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவரின் கண்ணில் ஒரு பதிவு பட்டது. பிராட் தெரு 40ஆம் எண் வீடு, போலீஸ்காரரின் ஐந்து மாதப் பெண் குழந்தை, செப்டம்பர் 2இல் மரணம், வயிற்றுப்போக்கு வந்து நாலு நாள் கழித்து. 40ஆம் எண் வீடு பம்புக்கு ஒட்டினாற்போல் இருந்தது! ஊரில் நோய் வெடித்தது ஆகஸ்ட் 31 இரவு. குழந்தைக்கு அதற்கு முன்பே வயிற்றுப்போக்கு வந்துவிட்டது.

நேரே தாய் சாரா லூயிஸிடம் போனார். பீத்துணிகளை வாளியில் ஊறவைத்து அலசி, அந்தத் தண்ணீரை வீட்டின் முன்பக்கத்து மலத்தொட்டியில் கொட்டியதாக அவர் சொன்னார். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் இதைக் கேட்டு வாங்குவது லேசான காரியமா? பழகிய பாதிரியார் என்பதால்தான் அது நடந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். யார்க் என்ற சர்வேயர் தோண்டிப் பார்த்தார். தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. தொட்டியின் செங்கற்கள் உளுத்துப் பெயர்ந்துவந்தன; அதன் வழியே கழிவு கிணற்றுக்குள் கசிந்திருக்கிறது. பாதிரியாரின் சொந்தத் தடைக்கும் இதிலேயே பதில் இருந்தது. தெருவின் கழிவெல்லாம் கிணற்றில் சேரவில்லை. ஒரே வீட்டுக் கழிவுதான் சேர்ந்தது. குழந்தை இறந்தபின் அது நின்றது, நோயும் தணிந்தது.

சரி, கைப்பிடிக்கு வருகிறேன். அதைக் கழற்றியது செப்டம்பர் 8. அதற்குள் சாவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஊரே காலியாகிவிட்டதைப் பற்றி ஸ்னோவே எழுதியிருக்கிறார். அப்படியானால் கைப்பிடியைக் கழற்றியதால் என்ன பயன்? குழந்தையின் தகப்பன், கான்ஸ்டபிள் தாமஸ் லூயிஸ், அதே 8ஆம் தேதிதான் காலராவில் விழுந்தார். 19ஆம் தேதி இறந்தார். அந்த வீட்டு வாளித் தண்ணீர் மறுபடி அதே தொட்டிக்குப் போனது. பம்பு ஓடியிருந்தால் இரண்டாவது கொள்ளைநோய் வந்திருக்கும். ஸ்னோ செய்த நல்ல காரியத்தின் முழு மதிப்பும் பாதிரியாரின் விசாரணையால்தான் நமக்குத் தெரிகிறது.

பதிவேட்டில் கண்டது வெறும் அதிர்ஷ்டம் என்பார்கள். 1866இல் கிழக்கு லண்டனில் காலரா வந்தபோது அதே மனிதர் தாமாக முன்வந்து, அங்கும் நோயின் தடத்தைத் தேட, அரசு சார்பில் விசாரித்த ராட்க்ளிஃபுக்கு உதவினார். அதுவும் அதிர்ஷ்டமா?

கடைசியாக, ஒயிட்ஹெட்டே தம் படிப்பறையில் ஸ்னோவின் படத்தை மாட்டியிருந்தார் என்று எதிரணி சொல்லக்கூடும். உண்மைதான். பிற்காலத்தில் வட இங்கிலாந்தில், கம்பர்லாந்தின் பிராம்டனில் பாதிரியாராக இருந்தார். ஸ்னோ மீது வைத்த மரியாதை கடைசிவரை குறையவில்லை. அது அவருடைய பெருந்தன்மை, சாட்சியம் ஆகாது. நடுவர் அவர்களே, பதிவேட்டையும் அந்தத் தாயின் வாக்குமூலத்தையும் தோண்டி எடுத்த செங்கற்களையும் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி.