பழகிய மனிதர்களே: ஒரத்தநாட்டு மேடையில் பேசியது

நடுவர் அவர்களுக்கும் இரு அணியினருக்கும் ஒரத்தநாட்டுப் பெருமக்களுக்கும் வணக்கம். நேரம் கொஞ்சம், விஷயத்துக்கு வருகிறேன்.

குறைந்த செலவில், முதுகில் ஒரு பையோடு வெளிநாடு போகிறவர் மனத்தில் நிற்பது பார்த்த இடங்களா, பழகிய மனிதர்களா? மனிதர்களே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தோழி கம்போடியாவின் அங்கோர்வாட் கோயிலைப் பற்றி அருமையாகப் பேசினார். இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது, ஒரு நாள் சீட்டு 37 டாலர், கொடுத்த காசு வீண்போகாது என்றார். சரி. மலேசியாவின் பத்துமலையில் 272 படி ஏறினார், 140 அடி முருகனைக் காட்டினார். அதுவும் சரி. அந்த முருகனை உருவாக்கிய ஸ்தபதி எந்த ஊர்க்காரர் என்பதை மட்டும் விட்டுவிட்டார். நம் திருவாரூர்க்காரர் ஐயா! தட்டுங்கள், தாராளமாகக் கை தட்டுங்கள்.

அப்புறம் போகிற போக்கில் ஒன்று சொன்னார். "பத்துப் பேர் குறட்டை விடுகிற அறையில் படுத்து மனிதர்களோடு பழக எதற்கு பாஸ்போர்ட்? மாயவரம் ஜங்ஷனில் துண்டை விரித்தால் போதாதா?" சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இதற்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

மலிவு விடுதியில் பலர் சேர்ந்து தங்கும் அந்த அறை எப்படி இருக்கும்? இரண்டடுக்குக் கட்டில். ஆளுக்கு ஒரு திரை, ஒரு விளக்கு, ஒரு லாக்கர். பூட்டு நாம்தான் கொண்டுபோக வேண்டும். கீழே பொதுச் சமையலறை. ஃப்ரிட்ஜில் பொட்டலத்துக்குப் பொட்டலம் பெயரும் கிளம்பும் தேதியும் எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு தட்டு. ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் மிச்சம் இருப்பதை அதில் வைத்துவிட்டுப் போவார்கள். அரைப் பாக்கெட் நூடுல்ஸ், கால் பாட்டில் எண்ணெய், பொட்டலத்தில் கொஞ்சம் உப்பு. அடுத்து வருகிறவன் எந்த நாட்டுக்காரன் என்று வைத்தவனுக்குத் தெரியாது. பசியோடு வருவான் என்பது தெரியும்.

இப்படிப்பட்ட விடுதி எப்படிப் பிறந்தது? 1909இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போனார். வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி வைக்கோல் மேல் படுத்தார்கள். ஊர் ஊராக நடக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் இடம் எங்கும் இருக்கக் கூடாதா என்று அந்த ராத்திரி அவருக்குத் தோன்றியது. 1912இல் ஆல்டேனா கோட்டையில் முதல் இளைஞர் விடுதியைத் திறந்தார்.

நமக்கு இது புதிதா தோழி? இதே ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் நிற்கிறது, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. ராமேஸ்வரத்துக்கு மூட்டையைச் சுமந்து நடந்தவர்கள் தங்கிப் போன சாலை இது. தஞ்சைச் சத்திரங்களைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று 1801இல் ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிட்டுச் சோறு போடுவதை அதில் சொல்லியிருக்கிறார். நோயில் விழுந்த வழிப்போக்கனுக்கு, எழுந்து நடக்கிற வரை சோறு! அந்த மண்ணில் நின்றுகொண்டு பத்துப் பேர் படுக்கிற அறையைக் கேலி பேசலாமா?

சரி, அந்த அறையில் யார் இருப்பார்கள்? கல்லூரியில் சேருவதற்கு முன் ஒரு வருஷம் ஊர் சுற்றக் கிளம்பிய இங்கிலாந்துப் பிள்ளை, ராணுவச் சேவை முடித்த கையோடு வந்த இஸ்ரேல் இளைஞன், பகலெல்லாம் லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர், பாஸ்போர்ட்டில் முத்திரையை எண்ணுகிறவர். அப்புறம் எந்த ஊரிலும் ஒருவன் இருப்பான், பேரம் பேசுகிறவன்.

வியட்நாமில் அப்படி ஒரு ஐரோப்பியப் பையனைப் பார்த்தேன். பழக்காரம்மாவிடம் ஐயாயிரம் டாங்குக்கு மல்லுக்கு நின்றான். நம் காசுக்கு இருபது ரூபாய்கூட வராது. அன்று முழுக்க யாரும் அவனோடு பேசவில்லை. அன்றிரவு ஹனோயிலிருந்து ஹுவேக்குப் படுக்கை பஸ். ஏறும்போதே ஒரு பிளாஸ்டிக் பை கொடுப்பார்கள். செருப்பைக் கழற்றி அதில் போட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட வேண்டும். வழியில் நிறுத்தினால் வாசலில் ஒரு கூடை நிறையப் பொதுச் செருப்பு, கிடைத்ததை மாட்டிக்கொண்டு இறங்கலாம்.

ராத்திரி இரண்டு மணி. ஒரு கடையில் நிறுத்தினார்கள். இறங்கியவர்கள் ஏறினார்கள், பஸ் நகர்ந்தது. பையன் திரும்பிப் பார்த்தால் எதிர்ப்படுக்கை காலி. அங்கே படுத்திருந்தவர் ஒரு ஜப்பானியப் பெரியவர், ஓய்வுபெற்ற வாத்தியார். பையன் கத்தினான், டிரைவருக்குப் புரியவில்லை. கதவு மூடுவதற்குள் குதித்துவிட்டான். செருப்பு கூடையில், ஷூ பைக்குள். வெறுங்காலோடு ஓடி, ஹெட்லைட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்! டிரைவர் ஹாரன் அடித்தார். இவன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்!

பின் வரிசைக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு, பாஷை தெரியாத ஊரில், பெயர்கூடத் தெரியாத ஒரு கிழவருக்காக, இருபது ரூபாய் விடாத பையன் பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பெரியவர் நிதானமாக வருகிறார். ஒரு காலில் சிவப்புச் செருப்பு, இன்னொரு காலில் நீலம். நிலைமை புரிந்ததும் பையன் முன்னால் இடுப்பு வளைய வணங்கினார். இவனும் எழுந்து பதிலுக்கு வணங்கினான். அவர் மறுபடி வணங்க, இவன் மறுபடி வணங்க, டிரைவர் ஹாரன் அடிக்க, பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் ஜன்னலில் முட்டிக்கொண்டு கை தட்டினோம். இவனையா நாள் முழுக்க ஒதுக்கி வைத்தோம் என்று எனக்குத் தொண்டை அடைத்தது. விடிந்ததும் ஹுவேயின் அரண்மனைக் கோட்டையைப் பார்த்தோம், பெரிய கோட்டைதான். ஆனால் இத்தனை பேர் முன்னால் அந்தக் கோட்டையைப் பற்றி என்னால் இரண்டு வாக்கியம்கூடச் சேர்ந்தாற்போல் சொல்ல முடியாது நடுவர் அவர்களே!

கடைசியாக ஒருவர். பினாங்கில், ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் வழி கேட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றேன். எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி. "எந்த ஊரு தம்பி?" என்றார்.

"நாகப்பட்டினம் பக்கம் பாட்டி."

கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அப்பா கீழ்வேளூர்ப் பக்கம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர், திரும்பி வரவே இல்லை. பாட்டி பிறந்தது பினாங்கில்தான். காவிரியைக் கண்ணால் பார்த்ததில்லை. அது ஜூன் மாதக் கடைசி. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "மேட்டூர் தொறந்தாச்சா? கடைமடைக்குத் தண்ணி வந்துதா?"

அவருடைய அப்பா சாகிற வரைக்கும் ஊரிலிருந்து யார் வந்தாலும் இதைத்தான் கேட்பாராம். அவர் போன பிறகு மகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"12ஆம் தேதியே திறந்தாச்சு பாட்டி, கல்லணையும் திறந்தாச்சு" என்றேன். எழுந்து உள்ளே போனார். சாமி படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினார். அப்புறம் வந்து, "உக்காரு, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார்.

அங்கோருக்கு 37 டாலர் என்றார் தோழி. அந்தப் பாட்டி வீட்டுத் திண்ணைக்கு எந்தக் கவுண்டரில் சீட்டு விற்கிறார்கள் என்று அவரே எழுந்து சொல்லட்டும், நான் அணி மாறிவிடுகிறேன். நன்றி, வணக்கம்.