பார்ட்னர் போட்ட ஏழு

நேயர்களுக்கு வணக்கம். பிரிட்ஜ் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டோ முன்னூற்று நாலோ ஆடிப் பழகியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். நாலு பேர், ஆளுக்கு 13 சீட்டு, எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. முதலில் ஏலம்: எந்த இனம் (இஸ்பேடு, ஹார்ட் மாதிரி) துருப்பு, எத்தனை ட்ரிக் எடுப்போம் என்று. நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்றை ஜெயித்தால் ஒரு ட்ரிக். துருப்பு மற்ற இனங்களை வெட்டும். ஏலத்தில் ஜெயித்தவரின் ஜோடி, முதல் சீட்டு விழுந்ததும் தன் சீட்டுகளை மேஜையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவர்தான் டம்மி. மற்ற இருவரும் தடுத்து ஆட வேண்டும். நான் பேச வந்தது அந்த இருவரைப் பற்றி.

ஏலம் எடுத்தவருக்குத் தன் பக்கத்து 26 சீட்டும் தெரியும். தடுப்பவருக்கோ பார்ட்னர் கையில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. வாய் திறந்து கேட்கவும் கூடாது. அப்போது நாம் போடும் உதவாக்கரைச் சின்னச் சீட்டுதான் பேச வேண்டும். பார்ட்னர் ஏஸ் இறக்குகிறார். நான் பெரிதாக ஒன்றைப் போட்டால் ‘இதையே தொடரு’ என்று பொருள். சிறியதைப் போட்டால் ‘எனக்கு இதில் ஆர்வமில்லை’. அதேபோல, எதிராளி ஒரு இனத்தை ஆடும்போது முதலில் பெரியது, அடுத்து சிறியது என்று போட்டால் என்னிடம் அந்த இனம் இரட்டைப்படை. சிறியது முதலில் வந்தால் ஒற்றைப்படை. இவ்வளவுதான். பரம ரகசியம் ஒன்றுமில்லை.

ஆனால் பெரியது எது, சிறியது எது? இங்கேதான் என் சொந்தக் கதை.

பல வருடத்துக்கு முன் ஒரு கிளப் போட்டி. எதிராளி நாலு ஹார்ட் ஏலம் எடுத்திருந்தார், அதாவது ஹார்ட் துருப்பு, ஆறுக்கு மேல் நாலு என்று 13ல் 10 ட்ரிக் எடுக்க வேண்டும். நாங்கள் நாலு எடுத்தால் அவர் தோற்றார். என் பார்ட்னர் இஸ்பேடு ஏஸ் இறக்கினார், ராஜாவும் அவரிடம்தான். என்னிடம் இஸ்பேடில் 9, 8, 7. டைமனில் ஏஸும் ராஜாவும். ஆக, இஸ்பேடு வேண்டாம், டைமனுக்கு வா என்று சொல்ல வேண்டும். கையிலிருந்ததில் சின்னதான ஏழைப் போட்டேன்.

அவர் கண்ணுக்கு ஏழு பெரிதாகத் தெரிந்துவிட்டது! ராணி என்னிடம் இருக்கிறது என்று முடிவுகட்டி, ராஜாவை இறக்கி, அப்புறம் இன்னொரு இஸ்பேடும் ஆடினார். ராணி ஏலம் எடுத்தவரிடம். அதில், இஸ்பேடு தீர்ந்துபோன டம்மியின் டைமன் ஒன்று கழிந்தது. துருப்பை எல்லாம் வாங்கிய பிறகு இஸ்பேடு ஜாக்கில் இன்னொன்றும் கழிந்தது. டம்மியில் டைமனே இல்லை, ஆடினால் துருப்பால் வெட்டிவிடலாம். என் ஏஸும் ராஜாவும் கையிலேயே கிடந்து செத்தன.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். டம்மியில் இஸ்பேடு 2, 3 விரிந்து கிடக்கின்றன. 4, 6 பார்ட்னர் கையிலேயே. ஏலம் எடுத்தவர் போட்டது 5. ஏழுக்குக் கீழே எதுவும் மிச்சமில்லை. நான் போட்டதுதான் என் கையில் ஆகச் சின்னது! இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து யாரோடு ஜோடி சேர்ந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: சீட்டில் அச்சடித்த எண்ணைப் பார்க்காதே, காணாமல் போன சீட்டுகளைப் பார். சமிக்ஞை உத்தரவு இல்லை, தகவல். திரும்பச் சொல்கிறேன், தகவல். யோசிக்க வேண்டியது வாங்கிக்கொள்பவர்.

இன்னொன்று. கல்யாண வீட்டுச் சீட்டுக் கச்சேரியில் காதைச் சொறிவதும் மேஜைக்கடியில் மிதிப்பதும் தமாஷ். பிரிட்ஜில் அது திருட்டு. ஜோடிக்குள் என்ன ஏற்பாடு வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று விதி விட்டுவிடவில்லை. எதிராளி ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்டால் மறைக்காமல் விளக்க வேண்டும். 1965ல் பியூனஸ் அயர்ஸ் உலகப் போட்டியில், சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் ஹார்ட் எத்தனை என்று காட்டியதாக பிரிட்டனின் ரீஸ், ஷாபிரோ ஜோடி மேல் குற்றச்சாட்டு. உலக அமைப்பு குற்றவாளிகள் என்றது. பிரிட்டனில் நடந்த விசாரணை, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை என்றது. இன்றைக்கும் வாதம் ஓயவில்லை. 1975ல் பெர்முடாவில் ஓர் இத்தாலிய ஜோடியின் கால்கள் மேஜைக்கடியில் சந்தித்துக்கொண்டன. மேஜைக்கு நடுவே திரை வந்த வருடமும் அதுதான். திரை மறைத்தது முகத்தை மட்டும், அதனால் கீழேயும் தடுப்பு வைத்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார். பிரிட்ஜ் மேஜையாக இருந்தால் நடுவரைக் கூப்பிட்டிருப்பேன். லாவின்தால் என்ற அமெரிக்கர் 1934ல் சொன்ன முறையை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: பார்ட்னர் துருப்பால் வெட்ட நீங்கள் சீட்டு ஆடித் தருகிறீர்கள். அது பெரிய சீட்டானால், துருப்பு நீங்கலாக மிச்சமுள்ள இரண்டு இனங்களில் உயர்ந்ததில் (இஸ்பேடு, ஹார்ட், டைமன், கிளாவர் என்பது வரிசை) எனக்குத் திருப்பி ஆடு, சின்னதானால் தாழ்ந்ததில். தலைகீழ் முறை என்று ஒன்றும் உண்டு, சிறியது போட்டால் ‘தொடரு’ என்று. அதற்கு... சரி, விரல் ஒன்றாகிவிட்டது. வணக்கம்.