எருமை எங்கே நிற்க வேண்டும்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக வந்து உட்கார்ந்திருக்கும் கோத்தகிரி மக்களே, வணக்கம்.

'வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் குடும்பத்தின் நிம்மதிக்குப் பெரிதும் துணை நிற்பது வெயில் விழும் கூடமா, கதவுள்ள தனி அறையா?' இதுதான் தலைப்பு. நான் கதவு கட்சி.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, எல்லோரும் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் அழகைச் சொல்லிவிட்டு ஒரு போடு போட்டார். "நம் மலையில் எருமை மேய்க்கும் பழங்குடியினரான தோடர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே அறை வீட்டில் வாழவில்லையா?" என்றார். கைதட்டலும் வாங்கிக்கொண்டார். வாழ்ந்தார்கள் அக்கா, யார் இல்லை என்றது? வளைந்த கூரை, தவழ்ந்து நுழைகிற வாசல், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர்களுடைய வேலை எங்கே இருந்தது? எருமை புல்வெளியில் மேய்ந்தது. புனித எருமைகளின் பாலைக் கடையவோ வீட்டோடு ஒட்டாமல் தனிக் கட்டடமே வைத்திருந்தார்கள். அதற்கும் ஒரு சின்ன வாசல், ஒரு கதவு! என் கட்சிக்கு இதைவிடப் பழைய சாட்சி யார்? நாம்தான் 2020 ஊரடங்கில் எருமையைக் கூடத்துக்கே ஓட்டி வந்தோம். அது இன்னும் அங்கேயே நின்று அசை போட்டுக்கொண்டிருக்கிறது.

கூடத்தில் மகன் வேலை பார்க்கும் வீடு எப்படி இருக்கிறது என்று கிட்டப்போய்ப் பாருங்கள். தலையில் ஹெட்போன், முன்னால் மடிக்கணினி. பின்னால் சமையலறையிலிருந்து பாட்டி வருகிறார். வாசலுக்குப் போக வேண்டும். நேராக நடந்தால் கேமராவில் விழுந்துவிடுவார். அதனால் முட்டிவலிக்காரப் பாட்டி, சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பாதி குனிந்து, தன் சொந்த வீட்டில் திருடனைப்போல் கூடத்தைக் கடக்கிறார். இருமல் வந்தால் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்கிறார். மருமகள் விசில் வரப்போகிற நேரம் பார்த்துக் குக்கரை இறக்குகிறாள். பிள்ளை திருக்குறளை உதட்டசைத்து மனப்பாடம் செய்கிறான். சம்பளம் வாங்குவது ஒருவர்; ஆபீஸில் உட்கார்ந்திருப்பது நாலு பேர்!

கதவு வேலை பார்க்கிறவருக்கு மரியாதை என்று எதிரணி நினைக்கிறது. இல்லை நடுவர் அவர்களே, அது மற்ற மூவருக்கும் விடுதலை.

பகலோடு முடிகிற வேலையா இது? நியூயார்க்கில் காலை 10 மணிக் கூட்டம் என்றால் கோடையில் நமக்கு இரவு 7.30. அவர்கள் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பியதும் 8.30. ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் மாதங்களில்தான் கூட்டமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது. குடும்பமே சாப்பிட்டுக் கம்பளிக்குள் நுழையும் நேரம். கூடத்து விளக்கை அணைக்க முடியுமா?

சரி, வெயிலுக்கு வருகிறேன். வெயில் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்கா, வெயிலைக் கூடத்துக்கு மட்டும் யார் பட்டா போட்டுக் கொடுத்தது? நாம் இருப்பது பூமத்தியரேகைக்கு வடக்கே 11 டிகிரியில். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அறையைத் தென்கிழக்கில் வைத்து ஜன்னலும் விடுங்கள், காலை வெயில் மேசைக்கே வரும். மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டால் திரையில் கூச்சமும் இருக்காது. கண் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு உங்களுக்குத் தெரியும்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் இருப்பதை, 20 வினாடி பார்க்க வேண்டும். சென்னையில் 20 அடியில் எதிர்வீட்டுச் சுவர். இங்கே ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம்.

நம் ஊரில் கெடுதல் எங்கே நடக்கிறதென்றால், தனி அறை கேட்டதும் மலையை வெட்டிய பக்கத்து ஸ்டோர் ரூமைக் காலி செய்து கொடுக்கிறார்கள். தென்மேற்கு மழையைப் பெரும்பாலும் தொட்டபெட்டா மலை தடுத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகைதான் நமக்கு அடைமழை. அப்போது அந்த மண்பக்கச் சுவரில் ஓதம் ஏறும். பீரோவை நகர்த்தினால் பின்னால் கருப்பாகப் பூஞ்சை. அங்கே ஒருவர் நாள் முழுக்க மூச்சுவிட்டால் அந்த ஈரமும் குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். குளிருக்காகக் கரி அடுப்பை வேறு உள்ளே வைத்துவிடாதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை ஆளையே கொல்லும். கதவு கேட்கிற நான் மேலே வென்டிலேட்டரும் கேட்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கருங்கல் சுவர் உள்ள பழைய வீடென்றால் வைஃபையை நம்பாமல் கேபிளையே அறைக்குள் இழுத்துவிடுங்கள்.

"கதவு பாசத்தைப் பிரிக்கும்" என்றார்கள். தாழ்ப்பாள் உள்பக்கம்தானே இருக்கிறது? வேலை முடிந்ததும் மடிக்கணினியை அங்கேயே மூடிவைத்துவிட்டு வெளியே வரட்டும். கூடத்தில் வேலை பார்க்கிறவனுக்கு வெளியே வர இடமே இல்லை. சாப்பிடும்போதும் எதிரே அதே மேசை, ஒரு மெயில் வந்தால் அதே 'டிங்'.

எதிரணியின் உருப்படியான கேள்வி ஒன்றுதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் ஓர் அறை, ஒரு சமையலறை. அங்கே தனி அறைக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி, இதை நான் சிரித்துக் கடக்க மாட்டேன். அங்கே குற்றம் கூடத்திலும் இல்லை, கதவிலும் இல்லை, வீடே போதாது. ஆனால் இன்று நாம் பேசுவது புதிதாக வீடு கட்டப்போகிறவர்களைப் பற்றி. அவர்களுக்கு ஆறடிக்கு எட்டடி போதும். அதுவும் முடியாதென்றால் வராந்தாவின் ஒரு முனையைக் கண்ணாடி வைத்து அடைத்து ஒரு கதவு போடுங்கள். நீலகிரியின் பழைய பங்களாக்களில் கண்ணாடி வராந்தா புதிதா என்ன? நீங்கள் கேட்ட வெயிலும் அங்கேயே கிடைக்கும்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், பார்த்துவிட்டேன். அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி வேறெதற்கும் பதில் சொல்ல வேண்டாம். இரவு எட்டரைக்கு உங்கள் வெயில் கூடத்தில் நியூயார்க் கூட்டம் நடக்கும்போது, பாட்டி எங்கே உட்கார்ந்து, எவ்வளவு சத்தம் வைத்துச் சீரியல் பார்ப்பார்? அதை மட்டும் சொல்லட்டும்.