தாத்தாவின் சதுரக் கேமராவும் டிஜிட்டல் பேக்கும்

வணக்கம் நேயர்களே.

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் நம் வீடுகளில் பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் சதுரமான படங்கள் நிறையக் கண்ணில் படும். அந்தப் படங்களை எடுத்த கேமராக்களில் சில இன்னும் நம்மிடமே இருக்கின்றன. ஸ்டுடியோ வைத்திருந்த பெரியப்பாவுடையது, கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போன தாத்தாவுடையது. கனமான பெட்டி, மேல் மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். ஹாசல்பிளாட், மாமியா, பிரானிக்கா என்று முன்பக்கம் எழுதியிருக்கும். கோயிலில் பார்க்கும்போது இளையவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அங்கிள், இதில் டிஜிட்டல் பேக் மாட்டலாமா? எது வாங்கலாம்?"

மாட்டலாம். டிஜிட்டல் பேக் என்பது பிலிமுக்குப் பதிலாகக் கேமராவின் பின்னால் மாட்டும் பெட்டி. ஆனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் பேக்கில் போடாதீர்கள், கேமராவில் போடுங்கள். இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

இந்தக் கேமராவின் பெரிய வசதி, அது தனித்தனிப் பாகமாகக் கழன்று வரும். முன்னால் லென்ஸ். நடுவில் சாய்ந்த கண்ணாடி உள்ள பெட்டி. மேலே பார்க்கிற திரை. பின்னால் பிலிம் உள்ள மேகசின். 120 என்ற வகைப் பிலிம் சுருளில் 6-க்கு 6 சென்டிமீட்டர் அளவில் 12 படம். அந்த மேகசினைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில், வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சென்சார் உள்ள பெட்டியை மாட்டினால் அதுதான் டிஜிட்டல் பேக். யாஷிகா-மேட், ரோலைஃப்ளெக்ஸ் மாதிரி இரண்டு லென்ஸ் உள்ள கேமராக்களில் பின்பக்கம் இப்படிக் கழன்று வராது, அதனால் அவற்றுக்கு இந்த வழி இல்லை. பிரானிக்காவுக்கும் வழி மிகக் குறைவு. ஹாசல்பிளாட் வைத்திருப்பவர்களுக்குத்தான் நிறைய வாய்ப்பு.

1990-களின் தொடக்கத்தில் லீஃப் நிறுவனம் கொண்டுவந்த முதல் பேக் 4 மெகாபிக்சல். கம்ப்யூட்டரோடு ஒயரில் கட்டிப்போட்டுத்தான் வேலை செய்யும். கலர் படம் வேண்டுமென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தடவை எடுக்க வேண்டும். பழக்கூடையைப் படம் எடுக்கலாம். குழந்தையை எடுக்க முடியாது. 2000-களின் நடுவில்தான் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போகிற மாதிரி பேக்குகள் வந்தன. ஃபேஸ் ஒன் நிறுவனத்தின் பி 25 பேக்கில் 22 மெகாபிக்சல். ஹாசல்பிளாட் 2006-ல் தன் பழைய கேமராக்களுக்காகவே சி.எஃப்.வி. என்ற பேக்கை வெளியிட்டது. 16 மெகாபிக்சல், படம் சதுரம். அந்தக் கேமரா வரிசையை 2013-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் 2024-ல் வந்த 100 மெகாபிக்சல் பேக், 1957 முதல் வந்த அந்த வரிசைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் மாட்டுகிற மாதிரிதான் செய்யப்பட்டிருக்கிறது. தாத்தா வாங்கிய கேமராவுக்குப் பேரன் காலத்தில் புதுப் பாகம் வருகிறதே, அந்த வேலைப்பாட்டின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

சரி, கேமராவில் ஏன் முதலில் பணம் போட வேண்டும்?

ஹாசல்பிளாட் பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடி சின்னச் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டுகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. நாற்பது, ஐம்பது வருஷத்தில் அந்த ஸ்பாஞ்சு பொடிந்து பிசுபிசுப்பாகிவிடும். கண்ணாடி ஒரு நூலளவு கீழே இறங்கிவிடும். அப்புறம் திரையில் நீங்கள் கூர்மையாகப் பார்க்கிற இடம் ஒன்று, படத்தில் கூர்மையாக விழுகிற இடம் வேறொன்று. பிலிம் காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. பிலிம் முழுத் தட்டையாகவும் நிற்காது, ஸ்டுடியோவில் லென்ஸின் துளையை எஃப் 8, எஃப் 11 என்று சுருக்கி எடுப்பார்கள் (துளை சுருங்கினால் கூர்மையாக விழும் தூரம் கூடும்), பிரிண்டும் சின்னது. சென்சாரோ கண்ணாடித் தகடு மாதிரி தட்டை. அதில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால், கண்ணில் ஃபோகஸ் வைத்த படத்தில் காது கூர்மையாக இருக்கும். உடனே, "பழைய லென்ஸ், இவ்வளவுதான் வரும்" என்று பழியை லென்ஸ் மேல் போட்டுவிடுகிறார்கள். அந்த லென்ஸ்கள் அப்படிப்பட்டவை இல்லை.

சோதித்துப் பார்ப்பது சுலபம். தையல்காரர் அளவு டேப்பை மேசை மேல் நீளமாக விரித்துவிடுங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டேப்பைச் சாய்வாகப் பார்க்கிற மாதிரி திருப்புங்கள். லென்ஸை முழுக்கத் திறந்து, அதாவது எஃப் 2.8-ல், மேல் மூடியில் இருக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்து 30 என்ற எண்ணில் ஃபோகஸ் வையுங்கள். படத்தில் 30 கூர்மையாக இருந்தால் நல்லது. 28-ஓ 33-ஓ கூர்மையாக இருந்தால் கேமரா சர்வீஸுக்குப் போக வேண்டும். ஸ்பாஞ்சு மாற்றி, கண்ணாடியையும் திரையையும் சரியான இடத்தில் உட்கார வைத்து, லென்ஸ் ஷட்டரைச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டுத் தருவார்கள். அதற்குப் பிறகு 16 மெகாபிக்சல் பழைய பேக் மாட்டினாலும், 13 அங்குலச் சதுரத்தில் பிரிண்ட் போடும்போது கண் இமை மயிர் தனித்தனியாகத் தெரியும். ஃபோகஸ் தப்பிய கேமராவில் 100 மெகாபிக்சல் பேக் மாட்டினால், அந்தத் தப்பைத்தான் 100 மெகாபிக்சலில் பார்ப்பீர்கள்.

பேக் வாங்கும்போது சென்சாரின் வடிவத்தைப் பாருங்கள். பிலிமில் படம் 56 மில்லிமீட்டர் சதுரம். சி.எஃப்.வி. சதுர சென்சார் சுமார் 37 மில்லிமீட்டர். புது பேக்குகளில் 44-க்கு 33, நீள்சதுரம். இரண்டிலுமே ஓரங்கள் வெட்டுப்படும், 80 எம்.எம். லென்ஸில் குடும்பம் முழுவதையும் அடக்கப் பழகியவர் பின்னால் நகர வேண்டியிருக்கும், அல்லது 50 எம்.எம். லென்ஸ் வேண்டும். நீள்சதுரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. நின்றிருப்பவரை உயரவாக்கில் எடுக்கக் கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்தால், மேலிருந்து குனிந்து பார்க்கிற திரையில் உருவம் தலைகீழாகிவிடும். அப்போது கண்ணருகே வைத்துப் பார்க்கும் பிரிசம் தேவை. மாமியா ஆர்.பி. 67, ஆர்.ஸெட். 67 கேமராக்களில் பின்பகுதியே சுழலும் என்பதால் இந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் பேக்கை மாட்ட அடாப்டர் தகடு வேண்டும். மனிதர்களைப் படம் எடுப்பவருக்குச் சதுரம்தான் நல்லது என்பது என் அபிப்பிராயம். குனிந்து பார்க்கும்போது எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேரே நாம் எதையும் நீட்டுவதில்லை. வயதான பாட்டிமார்கள் அந்தக் கேமரா முன்னால் இயல்பாகப் பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் பழைய கேமராவை நான் இவ்வளவு தூரம் ஆதரிக்க இன்னொரு காரணம், நம் தைப்பூசம். நமக்குத் தைப்பூசம் கோடையின் நடுவில் வருகிறது. அம்கேனி ரோடு கோயிலில் காவடி வெளியே வரும் நேரத்தில் வெயில் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். பூவும் மயில் இறகும் வைத்த வளைவுக்குக் கீழே முகம் இருட்டாக இருக்கும். தோளில் வெயில் பளீரென்று அடிக்கும். முகத்துக்குக் கொஞ்சம் ஃப்ளாஷ் வெளிச்சம் தந்தே ஆக வேண்டும். இன்றைய பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் சென்சாருக்கு முன்னால் இருப்பதால், நொடியில் 200-ல் ஒரு பங்கு, 250-ல் ஒரு பங்குக்கு மேல் ஃப்ளாஷ் முழுதாக விழாது. ஹாசல்பிளாட் 500 வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. 500-ல் ஒரு பங்கிலும் ஃப்ளாஷ் முழுதாக விழும். வெயிலை அடக்கி, நிழலில் இருக்கும் முகத்தைத் தூக்கிக் கொடுக்க ஒரு சின்ன ஃப்ளாஷே போதும். நெற்றித் திருநீறு, வேர்வை, நாக்கில் குத்திய வேல், எல்லாம் தெளிவாக வரும்.

பிலிமில் பழகிய கை ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். நெகட்டிவ் பிலிமுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. சென்சாருக்கு அப்படி இல்லை. வெள்ளை வேட்டியும் கற்பூர ஜுவாலையும் ஒருமுறை வெளுத்துப்போனால் திரும்ப வராது. காவடிக்காரர்களின் மஞ்சள் துணியும் அப்படித்தான், விவரம் தொலைந்து ஒரே பூச்சாக நிற்கும். அதனால் கொஞ்சம் குறைத்தே எடுங்கள். சி.சி.டி. என்ற பழைய வகை சென்சார் உள்ள பேக்குகள் 50, 100, 200 ஐ.எஸ்.ஓ.வில் (வெளிச்சத்தை உணரும் திறனின் எண்) அழகாக வேலை செய்யும். 400-க்கு மேல் மணல் தூவினது மாதிரி ஆகிவிடும். கருவறை விளக்கொளிக்கு அவை ஆகாது.

பட்டுப்புடவை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த பேக்குகளில் சென்சாருக்கு முன்னால் படத்தை மெல்ல மங்கவைக்கும் கண்ணாடி கிடையாது. கூர்மைக்கு அது நல்லது. ஆனால் நெருக்கமான நெசவும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதினால், புடவை மேல் இல்லாத வண்ணக் கோடுகள் அலை அலையாகத் தெரியும். மோய்ரே என்பார்கள். பெண்ணின் தோளில் பச்சையும் ஊதாவும் ஓடுவதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். ஓர் அடி முன்னால் வந்தோ பின்னால் போயோ எடுங்கள், அல்லது எஃப் 16-க்கு மூடுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

ஒயர் சமாச்சாரம் சுருக்கமாக. சி.எஃப்.வி. பேக், கேமராவின் பின்பக்க முனை அசைவதை வைத்தே விழித்துக்கொள்ளும். மற்ற பல பேக்குகளுக்கு லென்ஸில் உள்ள ஃப்ளாஷ் துளையிலிருந்து ஒயர் இழுக்க வேண்டும். அப்படியானால் ஃப்ளாஷை மாட்டப் பேக்கிலேயே துளை இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். பழைய பேக்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது ஃபயர்வயர் என்ற பழைய வகை ஒயரில்; இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளையே இல்லை. மெமரி கார்டில் எழுதுகிற பேக்காக வாங்குங்கள். கடலோர ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் உறையில் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

கடைசியாக, படம் எடுக்கவே போகாதவர்களுக்கும் இந்தக் கேமராவில் ஒரு வேலை இருக்கிறது. பழைய நெகட்டிவ்களைப் பிரதி எடுப்பது. இசிப்பிங்கோவில் 1925-ல் பிறந்த புகைப்படக்காரர் ரஞ்சித் காலி, ட்ரம் இதழுக்காக, நிறவெறியை எதிர்த்த தலைவர் ஆல்பர்ட் லுத்துலி போன்றவர்களை எடுத்த படங்களை நாடே பார்த்தது. ஆனால் டர்பனில் நம் மக்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸ், கேட்டோ மேனர் குடியிருப்புகளில் இருந்த நம் சாதாரணக் குடும்பங்களின் முகங்கள் பிஸ்கட் டின்களில் நெகட்டிவாகவே கிடக்கின்றன.

கேமராவைக் கீழ்நோக்கி ஸ்டாண்டில் கட்டுங்கள். மிக அருகில் உள்ளதை எடுக்கும் 120 எம்.எம். மேக்ரோ லென்ஸ், லென்ஸை முன்னால் தள்ளும் எக்ஸ்டென்ஷன் டியூப், கீழே ஒரு லைட் பலகை. நெகட்டிவ் வைக்கப்போகும் இடத்தில் முதலில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துத் திரையைப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால், கேமரா பலகைக்கு நேராக நிற்கிறது. இல்லையென்றால் நேராகும்வரை அசையுங்கள். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு நெகட்டிவை வைத்து, ஃபோகஸ் செய்து, உள்ளே இருக்கும் கேமராக் கண்ணாடியை முன்கூட்டியே மேலே தூக்கிவிடும் நெம்பை அழுத்தி, அதிர்வு அடங்கினதும், கையால் தொடாமல் ஷட்டரை இயக்கும் கேபிளால் படத்தைத் தட்டுங்கள். எஃப் 8 அல்லது 11 போதும். ஒரு மாலைப் பொழுதில் ஒரு டின் முடிந்துவிடும்.

படத்தில் இருப்பவர் யார், எந்த வீடு, எந்த வருஷம் என்பதை அன்றே கோப்பின் பெயரில் எழுதிவிடுங்கள். பெயர் தெரிந்த பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது. வெஸ்ட்வில்லில் குவாஸுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் நம் மக்களைப் பற்றிய படங்களையும் தாள்களையும் சேர்த்து வைக்கிறார்கள். பிரதி எடுத்து முடித்ததும் அங்கே பேசிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.